குடியிருப்போர் சங்கத்தின் வாசனை

எறும்பைப் பற்றி ஆயுசில் பாதியைச் செலவழித்துப் படித்தவளிடம் உலகம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். சர்க்கரை டப்பாவுக்குள் எறும்பு வராமல் இருக்க என்ன செய்யலாம்? நான் முனைவர் பட்டம் வாங்கிய அன்று என் பெரியப்பா கேட்டது இதைத்தான். தேர்வுக் குழுவில் இருந்த ஒரு பேராசிரியரும் காபி குடிக்கும்போது இதையே கேட்டார். ஆகையால் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானசம்பந்தம் ஒரு நாள் வேறு ஒரு கேள்வியோடு வந்து என் வீட்டு மணியை அடித்தபோது நான் கொஞ்சம் கிறங்கித்தான் போனேன்.

எங்கள் குடியிருப்பின் பெயர் நீலக்குறிஞ்சி. சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்கிக் கட்டிய கட்டடத்துக்கு மலைப் பூவின் பெயரை வைக்கும் துணிச்சல் பழைய மகாபலிபுரம் சாலையில்தான் வரும். ஞானசம்பந்தம் ஒரு பெரிய நிறுவனத்தில் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவருக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

"மேடம், எறும்புப் புத்துக்கு வாட்ச்மேன் கெடையாது. ஆனா வேற புத்து எறும்பு உள்ள வந்தா டக்குனு கண்டுபிடிச்சிருதாமே. எப்படி?"

"வாசனை சார். எறும்புக்குக் கண்ணு சுமார்தான். ஆனா உடம்பு மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும். ஒரு புத்துல இருக்கற எல்லாத்துக்கும் அந்தப் பூச்சு ஒரே வாசனை அடிக்கும். எதிர்ல வர்றதைக் கொம்பால தொட்டுப் பாக்கும். நம்ம வாசனைன்னா வழி விடும். இல்லேன்னா கடிச்சுக் கொதறிடும்."

அவர் முகம் மலர்ந்தது. "காவலுக்கு நிக்கறது ஆம்பள எறும்புதானே?"

"ஆம்பள எறும்பு ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாது சார். காவல், சாப்பாடு, கொழந்தை வளக்கறது, குப்பை அள்றது எல்லாம் பொம்பளைங்கதான். ஆம்பளைக்கு ரெக்கை மட்டும் இருக்கும். ஒரு நாள் பறந்து ராணியைச் சேரும், அப்புறம் செத்துப்போகும்."

இதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "அது எப்படி எல்லாத்துக்கும் ஒரே வாசனை வருது?"

"எச்சில்ல சார். எறும்புக்கு ரெண்டு வயிறு. ஒண்ணு தனக்கு, இன்னொண்ணு ஊருக்கு. ஊர் வயித்துல இருக்கறதை வாயோட வாய் வெச்சு அடுத்த எறும்புக்கு ஊட்டும். ஒண்ணை ஒண்ணு நக்கிச் சுத்தம் பண்ணும். இப்படிக் குடுத்து வாங்கிக் குடுத்து வாங்கித்தான் எல்லார் வாசனையும் கலந்து ஒண்ணாகுது."

கையிலிருந்த காபி டம்ளரை அவர் மெதுவாகக் கீழே வைத்தார். "அந்த எச்சில் சமாச்சாரம் நமக்கு வேண்டாம் மேடம். அது இல்லாம பண்ண முடியுமா?"

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானோ, சர்க்கரை டப்பாவைத் தாண்டி ஒரு மனிதர் வந்துவிட்ட சந்தோஷத்தில் இன்னொரு டம்ளர் காபி கொடுத்தேன்.

எச்சில் இல்லாமல் பண்ண முடியும் என்று ஒரு புதுக் கம்பெனி சொன்னது. சங்கப் பொதுக்குழுவுக்கு அவர்கள் அனுப்பிய ஆள் நிதிலன். அந்த வெயிலிலும் கோட்டு போட்டிருந்தான். தினம் ஒரு மாத்திரை. அதில் இரண்டு சங்கதி. ஒன்று, தோலில் குடியேறி மெல்லிய வாசனை விடும் நுண்ணுயிரி. இரண்டாவது, அந்த வாசனையை மூக்குக்குப் பழக்கும் மருந்து. பழகிய வாசனை பட்டால் மனசு லேசாகும். பழகாதது பட்டால் குமட்டும், கோபம் வரும்.

"மாத்திரை போட்டா மட்டும் போதாது சார். நுண்ணுயிரி ஒவ்வொருத்தர் தோல்லயும் ஒவ்வொரு மாதிரி வளரும். நீங்க கலந்து பழகினாத்தான் வாசனை ஒண்ணாகும்" என்றான் நிதிலன். "கை குலுக்கணும், சேர்ந்து சாப்பிடணும், கொழந்தைங்க ஒண்ணா வெளயாடணும். இல்லேன்னா வீட்டுக்கு வீடு தனித்தனியாப் போயிரும்."

"மாசம் ஒரு கெட் டுகெதர் வெச்சுக்கலாம்" என்றார் ஞானசம்பந்தம். வைத்தோம். வீடியோ காலில்.

வேலைக்காரர்களுக்கும் மாத்திரை உண்டா என்று யாரோ கேட்டார்கள். சபையில் சிரிப்பு. "அவங்க எப்படிங்க நம்ம வாசனை ஆவாங்க?" என்றார் செயலாளர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நானும்தான் கை தூக்கினேன். ஆராய்ச்சி ஆர்வம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேலைக்காரர்கள் என்று அவர்கள் சொன்னது முக்கால்வாசி பவுனம்மாவைத்தான். எங்கள் பிளாக்கில் அவள் கை படாத வீடு கிடையாது. ஒரு வீட்டில் பாத்திரம், ஒரு வீட்டில் துணி, ஒரு வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டுவது, செயலாளர் வீட்டில் அவர் மனைவி கோமதியம்மாவின் மூட்டுவலிக்குத் தைலம் தேய்ப்பது. எல்லா வீட்டிலும் அவளுக்கென்று தனி டம்ளர் இருந்தது, அடுப்படி ஜன்னலில் கவிழ்த்து வைக்கப்பட்டு. சென்னைக்குள் ஆற்றங்கரையில் இருந்தவளைக் குடும்பத்தோடு பெயர்த்துக்கொண்டு வந்து எங்களுக்குப் பின்னால் இருக்கும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் போட்டிருந்தார்கள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சாலையில் வேலை போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அதுவும் கெட்ட பெயரோடு போனால் முடிந்தது கதை. இங்கே எல்லா அடுக்ககச் செயலாளர்களுக்கும் ஒரு வாட்ஸப் குழு உண்டு. ஒரு வீட்டில் திருடி என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் சாலை முழுக்கத் திருடிதான்.

மாத்திரை அபாரமாக வேலை செய்தது. அதில் குறை சொல்ல முடியாது. கொஞ்ச நாளிலேயே லிஃப்டில் ஏறிய டெலிவரிப் பையனைப் பார்த்து ஐ.டி. கம்பெனித் துணைத் தலைவர் ஒருவர் பல்லைக் கடித்தார். மதுரையிலிருந்து வந்த சொந்தத் தம்பியைக் கார் நிறுத்துமிடத்திலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பினார் ஒரு அக்கா. நாலாவது மாடியில் பெண் பார்க்க வந்தவர்களை, கேசரி தட்டுக்கு வருவதற்கு முன்பே பெண்ணின் அப்பா வெளியே போகச் சொல்லிவிட்டார். பெண்ணுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்ததாம். அவளும் மாத்திரை சாப்பிடுகிறவள்தானே என்று கேட்டேன். ரகசியமாகச் சாக்கடையில் போட்டுக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. புத்திசாலி.

மற்ற வேலைக்காரர்களைக் கண்டால் மூக்கைப் பொத்தினார்கள். தோட்டக்காரர் நின்றுவிட்டார். பவுனம்மாவை மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று யாரும் யோசிக்கவும் இல்லை. அவள் இருக்கிறாள் என்பதே வேலை நடக்காத அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் வாசலில் ஒரு கருவி வந்தது. எதிரே நின்றால் முகர்ந்து பார்த்து, நீங்கள் எந்த அளவுக்கு நீலக்குறிஞ்சிக்காரர் என்று சதவீதத்தில் சொல்லும். பச்சை விளக்கெரிந்து 'நல்வரவு' என்று பெண் குரல் கேட்கும். ஞானசம்பந்தம்தான் முதலில் நின்றார். அறுபத்தொரு சதவீதம். "புது மெஷின், போகப் போக செட் ஆகும்" என்றார். எனக்கு ஐம்பத்தெட்டு. தனியாக இருக்கிறவளுக்கு அதுவே அதிகம்.

ஒரு நாள் காலை பின்வாசலைத் தண்ணீர் லாரி அடைத்துக்கொண்டு நின்றது. பவுனம்மா முன்வாசல் வழியாக வந்தாள். கருவி பச்சையாக எரிந்தது. நல்வரவு. தொண்ணூற்றேழு.

வாசலில் அப்போது நடைப்பயிற்சிக் கூட்டம் மொத்தமும் இருந்தது. ஞானசம்பந்தம் கருவியைத் தட்டிப் பார்த்தார். மறுபடி நிற்கச் சொன்னார். மறுபடியும் தொண்ணூற்றேழு.

"எத்தனை மாத்திரை எடுத்தே?" என்றார்.

"இன்னா மாத்திரை சார்?"

"நடிக்காதே. எங்க வீட்ல எடுத்தியா, எல்லா வீட்லயும் எடுத்தியா?"

"எங்கூட்ல சுகர் மாத்திரைதான் சார் கீது. உங்க மாத்திரையைத் தின்னு நா இன்னா சார் பண்ணப் போறேன்? துணி தொவைச்சா அழுக்கு போற மாத்திரையா அது?"

நான் குறுக்கே போனேன். "சார், அவ எதையும் எடுக்கலை. நான் சொன்னது ஞாபகம் இருக்கா, குடுத்து வாங்கித்தான் வாசனை ஒண்ணாகும்னு. நாம யாரும் யாரையும் தொடறதில்லை. லிஃப்ட் பட்டனையே முழங்கையால அழுத்தறோம். இந்தப் பிளாக்ல எல்லாரையும், எல்லார் துணியையும், எல்லார் எச்சில் தட்டையும் தொடற ஒரே ஆள் இவதான். நம்ம வாசனையை வீடு வீடா எடுத்துட்டுப் போய்க் கலக்கறதே இவதான். நமக்கெல்லாம் ஒரே வாசனை வந்ததே இவளாலதான் சார்."

கூட்டம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சர்க்கரை டப்பாவிலேயே நான் நின்றிருக்கலாம்.

"மேடம்," என்றார் ஞானசம்பந்தம் பொறுமையாக, "நீங்க எறும்புக்கு டாக்டர்."

பவுனம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை. "டாக்டரம்மா, நீங்க ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கிறீங்க" என்று மட்டும் சொன்னாள். பத்து வருஷமாக உள்ளே போய் வந்தவளின் பையைக் காவலாளி எல்லோர் முன்னாலும் கவிழ்த்துக் கொட்டினான். மாத்திரை இல்லை. அதனால் என்ன, தின்றுவிட்டாள் என்று முடிவானது. சாயங்காலமே செயலாளர்கள் குழுவில் அவள் படமும் 'திருட்டு, கவனம்' என்ற வரியும் வந்துவிட்டன. எனக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன, மறுநாள் காலை என் மாத்திரையை நான் போட்டுக்கொண்டேன்.

பவுனம்மாவுக்குப் பதிலாக எல்லா வீட்டிலும் மெஷின் வாங்கினார்கள். துணிக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. ஒன்றுகூட வீடு விட்டு வீடு போவதில்லை.

முதலில் மாடிக்கு மாடி சண்டை வந்தது. மூன்றாவது மாடிக்காரர்கள் நாறுகிறார்கள் என்று இரண்டாவது மாடி புகார் கொடுத்தது. அடுத்து எதிர் வீட்டுக்கு எதிர் வீடு. கருவி யாரைப் பார்த்தாலும் சிவப்பாக எரிந்தது. அதை அணைத்து வைத்தார்கள். பிறகு சண்டை கதவுக்கு உள்ளே போனது. அப்பாவும் மகனும் வேறு வேறு அறையில் சாப்பிடும் வீடு, புருஷன் பெண்டாட்டிக்கு வேறு வேறு ஏ.சி. அறை உள்ள வீடு என்று வரிசையாக ஒவ்வொன்றாகப் பிளந்தது. குழந்தைகள் அம்மா கிட்டே வந்தால் அழுதன. அந்த அம்மாக்களில் ஒருத்தி படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். பக்கத்தில் போகலாம் என்று நினைத்தேன். மூக்கு விடவில்லை.

நிதிலனுக்குப் போன் செய்தேன். "மாத்திரையை நிறுத்திடுங்க மேடம். ஆனா மூக்கு பழையபடி ஆக ஒரு வருஷம் ஆகும். ஒப்பந்தத்துலயே போட்டிருக்கோம்" என்றான். போட்டிருந்தார்கள், எறும்பு மட்டுமே படிக்கக்கூடிய எழுத்தில்.

எல்லோரும் மாத்திரையை நிறுத்திய பிறகு, ஒரு மத்தியானம் ஞானசம்பந்தம் என் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் வெளியிலேயே நின்றார், நான் உள்ளேயே நின்றேன். இரண்டு பேருமே கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தோம்.

"கோமதி என்னை வீட்டை விட்டு வெளில உக்காரச் சொல்லிட்டா மேடம்" என்றார். "வயித்தைப் பொரட்டுதாம். நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினவ. நேத்து அவளுக்கு மூட்டுவலி தாங்கலை. தைலம் தேய்க்கப் போனேன். தொடாதீங்கன்னு கத்தறா." கைக்குட்டையை மூக்கில் இன்னும் அழுத்திக்கொண்டார். "நான் இதுக்கு முன்னால தேய்ச்சதே இல்லை. அது வேற விஷயம்."

அவரைக் கேலி செய்ய எனக்கு நிறைய வாய்ப்பு கிடைத்த தருணம் அது. மனசு வரவில்லை.

"பவுனம்மாவைக் கூப்பிட்டுப் பாக்கலாமா?" என்றார்.

வாரியக் குடியிருப்புக்கு நடந்தே போனோம், சாலையின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு பக்கமாக. மனிதர்கள் நெருங்க நெருங்க எங்களுக்குக் குமட்டல் கூடும் என்று நான் தயாராக இருந்தேன். அவர் ஒரு பிளாஸ்டிக் பையே கொண்டுவந்திருந்தார்.

அவள் பிளாக்கின் படிக்கட்டில் கால் வைத்ததும் குமட்டல் நின்றுபோனது.

படியில் பெண்கள் உட்கார்ந்து ஒருத்தி தலையில் இன்னொருத்தி பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே தட்டில் மூன்று குழந்தைகள் கை விட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தன. யாருடைய குழந்தைகள் என்று கேட்டால் சட்டென்று சொல்ல முடியாது. எனக்கு மனசு லேசாகிக்கொண்டே போனது. ஞானசம்பந்தம் கைக்குட்டையை எடுத்துவிட்டு மூச்சை இழுத்து விட்டார். நெடுநாள் கழித்துச் சொந்த வீட்டுக்கு வந்தவர் போல நின்றார்.

"என்ன மேடம் இது?" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வருஷம் முழுக்க எங்கள் எல்லோர் வாசனையையும் தன் மேல் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் இங்கேதான் அவள் வந்தாள். இங்கே கலப்பதற்கு வீடியோ கால் தேவைப்படவில்லை. பழைய நீலக்குறிஞ்சியின் வாசனை, எங்கள் மூக்கு எங்களவர் என்று பழகிய அந்த ஒரே வாசனை, இப்போது உலகத்தில் இந்தப் படிக்கட்டில் மட்டும்தான் இருந்தது.

சொன்னேன். ஒரு பெண் குழந்தை வந்து பாதி கடித்த பிஸ்கட்டை அவரிடம் நீட்டியது. வாங்கித் தின்றார். தின்றுகொண்டே அழுதார். எச்சில் என்றதும் காபி டம்ளரைக் கீழே வைத்த அதே மனிதர்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

பவுனம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இளைத்திருந்தாள். மகளின் படிப்புக் கட்டணத்துக்குக் கம்மலை விற்றிருந்தாள் போல, காதில் ஈர்க்குச்சி இருந்தது. இந்தச் சாலையில் ஒரு கட்டடத்திலும் அவளை வாசல் தாண்ட விடவில்லை.

"பவுனம்மா, வேலைக்கு வந்துடு" என்றார் ஞானசம்பந்தம். "இங்க வந்தா எங்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. உனக்கும் எங்களைப் பாத்தா அப்படித்தானே தோணுது?"

அவள் மாத்திரை சாப்பிடாதவள். அவள் மூக்கு எப்போதும் போலத்தான் இருந்தது.

"எனக்கு ஒரு வாசனையும் தெர்ல சார்" என்றாள். "நீங்க பண்ணதுதான் தெரியுது."

அவர் மன்னித்துவிடு என்றார். இங்கே வந்து காதோடு சொல்ல வேண்டாம், எங்கே திருடி என்று போட்டாரோ அங்கே போடட்டும் என்றாள் அவள். கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. அந்தக் குழந்தையின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்தபடி சொன்னாள்.

அவர் உடனே போட்டிருப்பார். ஆனால் சங்கம் என்று ஒன்று இருக்கிறதே. 'மன்னிப்பு' என்று போடுவதா 'வருத்தம்' என்று போடுவதா என்று செயற்குழு ஒரு வாரம் விவாதித்தது. ஒருவர் முகம் ஒருவர் பார்க்க முடியாததால் தட்டச்சிலேயே விவாதித்தார்கள். கடைசியில் ஞானசம்பந்தம் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, தன் பெயரில், 'பவுனம்மா திருடவில்லை, நான்தான் பொய்ப்பழி போட்டேன்' என்று எல்லாச் செயலாளர்களும் இருக்கும் குழுவில் எழுதினார். அவர் வாழ்க்கையில் குழுவைக் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். பவுனம்மாவுக்கு இரண்டு கட்டடம் தள்ளி வேலை கிடைத்தது. முன்வாசல் வழியாகத்தான் வருவேன் என்று சொல்லிச் சேர்ந்தாளாம். எங்கள் கட்டடத்துக்கு மட்டும் அவள் திரும்பி வரவே இல்லை.

அதனால் நாங்கள் போகிறோம். தினமும் சாயங்காலம் ஞானசம்பந்தம் அந்தப் படிக்கட்டில் போய் உட்காருகிறார். குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று வெளியில் சொல்கிறார். நான் ஆராய்ச்சிக்காகப் போகிறேன். ஒரு மாதமாக என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. நாலாவது மாடிப் பெண்ணின் அப்பா மளிகை வாங்க அந்தப் பக்கம் வருகிறார், வெறும் பையோடு திரும்புகிறார். போன வாரம் கோமதியம்மா குச்சி ஊன்றிக்கொண்டு வந்தார். அந்தப் பிளாக்குப் பெண் ஒருத்தி அவர் முட்டியைப் பிடித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் தானாகவே எழுந்து, புருஷன் உட்கார்ந்திருந்த படியில் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் மூக்கைச் சுளிக்கவில்லை. ஞானசம்பந்தம் மூச்சு விடவே பயந்துகொண்டு இருந்தார்.

அந்த நேரத்தில்தான் பவுனம்மா வேலை முடிந்து வந்தாள். மேல் வீட்டுக்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "யார்க்கா இவங்கல்லாம்? தெனமும் வந்து குந்திக்கினு கீறாங்க" என்று கேட்டாள்.

பவுனம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நாங்கள் அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தோம்.

"தெரிஞ்சவங்கதான்" என்றாள். "நம்ம ஆளுங்க இல்ல. பாவம், குந்திட்டுப் போவட்டும்."

அவள் மேலே ஏறினாள். நாங்கள் ஒதுங்கி வழி விட்டோம்.